புதூர்ப் புஞ்சையில் அழுதது நான்தான்

கோவில்பட்டிப் பக்கம் இருக்கப்போகும் மூன்று நாளும் முடிந்தவரை வாயைத் திறப்பதில்லை என்ற முடிவோடுதான் சென்னையில் ரயிலேறினேன். ஸ்டேஷனுக்கு வெளியே முதல் டீக்கடையிலேயே அந்த முடிவு கெட்டது. "ஒரு டீ, சர்க்கரை கம்மியா" என்றேன். டீ போடுகிறவர் ஆற்றுவதை நிறுத்தாமல் தலையை மட்டும் திருப்பினார். "அண்ணாச்சி, ஒங்க சத்தத்தை எங்கயோ கேட்டிருக்கேனே" என்றார். இல்லை என்று தலையாட்டிவிட்டு, பாதி டீயை வைத்துவிட்டு நடையைக் கட்டினேன்.

கேட்டிருக்கத்தான் வேண்டும். எனக்கு வேலையே சத்தம்தான். மழையை நம்பி விதைக்கிற ஊர்களுக்கு, எங்கள் அலுவலகத்திலிருந்து வாரம் இருமுறை குரல் செய்தி போகும். போனை எடுத்தால் நான் பேசுவேன். வானிலைத் தாள் என் மேஜைக்கு வரும். அதை நாற்பது விநாடிக்குச் சுருக்கி, "விவசாயப் பெருமக்களுக்கு வணக்கம்" என்று ஆரம்பித்து, "மீண்டும் சந்திப்போம், வணக்கம்" என்று முடிப்பேன். மழையைக் கணிக்கிறவன் நான் இல்லை. ஆனால் கேட்கிறவர்களுக்கு நான்தான் மழைக்காரன்.

மழைக்காரனுக்கு மழை என்றாலே பயம் என்பது வெளியே சொல்லக்கூடிய விஷயமா? வேளச்சேரியில் எங்கள் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்து, கட்டிலும் பீரோவும் மிதந்த வருஷத்திலிருந்தே எனக்கு அந்த வியாதி. மேகம் கறுத்தால் தரையில் கிடக்கும் சாமானையெல்லாம் பரண்மேல் ஏற்றிவிடுவேன். எங்கேயோ பனிமலை உருகுகிறது என்று பேப்பரில் படித்தால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. டாக்டர் மாத்திரை கொடுத்தார், மனம்விட்டுப் பேசவும் சொன்னார். பேச ஒரு குழு கிடைத்தது. சனிக்கிழமை மாலைகளில் பத்துப் பன்னிரண்டு பேர் வட்டமாக உட்கார்ந்து பூமிக்காக அழுவோம். அழுது முடித்ததும் இஞ்சி டீ வரும். எனக்கு நன்றாக அழ வரும். அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

போன புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை. குழுவுக்கு நேரமாகிவிட்டது. தாளில், ஓரிரு இடங்களில் மிதமான மழை பெய்யலாம், ஈரம் கிடைக்கும் இடங்களில் விதைப்பை முடிக்கலாம் என்று இருந்தது. வாசித்துப் பார்த்தேன், நாற்பது விநாடியைத் தாண்டியது. 'ஓரிரு இடங்களில்' என்பதை வெட்டினேன். 'ஈரம் கிடைக்கும் இடங்களில்' என்பதையும் வெட்டினேன். மிதமான மழை பெய்யும், விதைப்பை முடித்துக்கொள்ளலாம், மீண்டும் சந்திப்போம், வணக்கம். கச்சிதமாக முப்பத்தெட்டு விநாடி. ஆட்டோ பிடித்துப் போய், அன்றைக்கும் நன்றாக அழுதேன்.

எங்கள் செய்தியைக் கேட்டவர்கள் ஒன்றை அழுத்தினால் பதில் பேசலாம். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஒரு பதில் வந்திருந்தது. புதூர்ப் பக்கத்துக் கிராமம். பேர் குருவம்மாள். "நீங்க சொன்ன மழைக்கு வீட்ல இருந்த வெதை பூரா போட்டுட்டேன் அண்ணாச்சி. தூத்தல் விழுந்து முளைச்சுது. பெறகு மழை இல்ல, கருகிப்போச்சு. இனி என்ன செய்யணும்னு சொல்லுங்க." கோபமே இல்லாத குரல். அதை எத்தனை தடவை கேட்டேன் என்று எனக்கே தெரியாது. ஒரு தடவைகூடப் பதில் சொல்லவில்லை. ஒரு மாதம் கழிந்த பிறகுதான், நேரில் போய் மன்னிப்புக் கேட்பதாக முடிவு செய்தேன். குழுவில் சொன்னபோது எல்லாரும் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

லாட்ஜ் மேனேஜர் சங்கரலிங்கம் அண்ணாச்சி ஊரையே தெரிந்து வைத்திருப்பவர். புதூர்ப் பக்கம் போக வேண்டும் என்று எழுதிக் காட்டாத குறையாகச் சொன்னேன். தொண்டை சரியில்லையா என்று கேட்டு, வெந்நீர் வரவழைத்தார். நாளைக் காலை பஸ் இருக்கிறது, சாயங்காலம் வரை அறைக்குள் தனியாக என்ன செய்யப்போகிறீர்கள், ஒரு துட்டிக்குப் போகிறேன், கூட வாருங்கள் என்றார். துட்டி என்றால் இந்தப் பக்கத்தில் சாவு விசாரிப்பது. தெரியாத வீட்டுத் துட்டிக்கு நான் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் சென்னையில் பக்கத்து ஃபிளாட்டில் யாராவது போய்விட்டால் லிஃப்டில் வைத்து விசாரிக்கிறவன் நான். பைக்கின் பின்னால் ஏறிக்கொண்டேன்.

தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருக்கிறவர் வீடு. தொழிற்சாலையை இங்கே ஆபீஸ் என்றுதான் சொல்கிறார்கள். அவருடைய அப்பா காலமாகி இரண்டு நாள். பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலிகள். யாரும் யாரையும் வாங்க என்று சொல்லவில்லை. கையைக் கூப்பிவிட்டு உட்கார்ந்தோம். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தோம். பிறகு எழுந்து, சொல்லாமல் கொள்ளாமல் போக வேண்டியதுதான். இது எனக்குத் தெரியாததும் இல்லை, எங்கள் பக்கத்திலும் இதே வழக்கம்தான். ஆனால் எழுந்த சமயத்தில் இறந்தவரின் மகன் கைகூப்பிக்கொண்டு நேரே வந்து நின்றுவிட்டார். நான் பதறிப்போனேன். பதறினால் என் வாய் தானாக என்ன சொல்லுமோ அதைச் சொன்னது.

"மீண்டும் சந்திப்போம், வணக்கம்."

நாலாவது வரிசையிலிருந்து ஒருவர், "ஏலே, இவிய போன்ல வார மழைக்காரர்லா" என்றார். எல்லாத் தலையும் திரும்பியது. அப்பனைப் பறிகொடுத்த அந்த மனிதர் என்னை அடித்திருந்தால்கூடச் சரி என்று வாங்கிக்கொண்டிருப்பேன். அவரோ தாழ்ந்த குரலில், ஆபீஸில் தீக்குச்சி காய வேண்டும், இந்த வாரம் வெயில் இருக்குமா என்று கேட்டார். சங்கரலிங்கம் அண்ணாச்சி என் முழங்கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தார். பைக்கைக் கிளப்பினார். பிறகு, "துட்டி வீட்ல சந்திப்போம்னா, அடுத்த சாவுக்குச் சந்திப்போம்னுல்லா அர்த்தம்" என்றார். லாட்ஜ் வரும் வரையில் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

விடிந்தபோது தெரு நனைந்திருந்தது. ஒரு உழவு மழை என்று பஸ்ஸில் எல்லாரும் சொன்னார்கள். கலப்பை இறங்குகிற ஆழத்துக்கு மண் நனைந்தால் ஒரு உழவு மழையாம். நான் மில்லிமீட்டரில் வாசிக்கிறவன், எனக்கு இது புதிது. முன் சீட்டில் இரண்டு பெண்கள் தெலுங்கில் பேசிக்கொண்டு அடிக்கடி என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்திலிருந்த உரக்கடைக்காரர், கேட்காமலே எனக்கு மொழிபெயர்த்தார். பயிர் இன்சூரன்ஸ்காரனாக இருக்கும் என்கிறாளாம் ஒருத்தி. ஆமாம், முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது, ஒன்றும் கொடுக்க மாட்டான் என்கிறாளாம் மற்றவள். இரண்டாவது பெண் என்னை எப்படி அவ்வளவு சரியாக எடை போட்டாள் என்று இன்றுவரை தெரியவில்லை.

இறங்கின இடத்திலிருந்து உரக்கடைக்காரரே, அங்கே விட்டுவைத்திருந்த தன் பைக்கில் ஏற்றிக்கொண்டார். மண்பாதையில் கொஞ்ச தூரம்தான் போயிருப்போம், பின்சக்கரம் சுற்றாமல் நின்றுவிட்டது. கரிசல் மண் நனைந்தால் களியாகிவிடும். மட்கார்டுக்குள் அப்பிக்கொண்டு சக்கரத்தை இறுக்கிப் பிடித்திருந்தது. அவர் வேலிக்கருவைக் குச்சியை ஒடித்துக் குத்திக் குத்தி எடுத்தார். நான் உதவி செய்கிறேன் என்று இறங்கி ஒரு செருப்பைச் சேற்றுக்குள் விட்டேன். மீதி வழியை வெறுங்காலோடு நடந்தேன். ஒவ்வொரு அடிக்கும் ஒரு படி மண் காலோடு கூட வந்தது.

குருவம்மாள் வீடு பூட்டியிருந்தது. கணவர் கோயம்புத்தூரில் பேக்கரி வேலையில் இருக்கிறார், இவர் விதை வாங்க நாகலாபுரம் போயிருக்கிறார், புஞ்சை அதோ அந்தப் பனைக்கு அந்தப் பக்கம் என்று எதிர்வீட்டுப் பெண் கையைக் காட்டினார். புஞ்சையைப் பார்த்துவிட்டாவது போகலாம் என்று நடந்தேன்.

புஞ்சை முழுக்க முளைத்திருந்தது தெரிந்தது. எல்லாம் கருகி, எண்ணெயில் போட்டுத் தீய்ந்த கறிவேப்பிலை மாதிரி இருந்தது. ஒன்றைப் பிடித்து இழுத்தேன். சிரமமே இல்லாமல் கையோடு வந்துவிட்டது. இலை இரண்டுதான் விட்டிருக்கிறது, அதற்குள் செத்திருக்கிறது. நான் வெட்டிய சொற்களின் பயிர் இது என்று நினைத்ததும் அழுகை வந்துவிட்டது. வரப்பில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். இவ்வளவு தூரம் வந்தபிறகு ஒன்றை மறைக்கக் கூடாது. அழுதுகொண்டிருக்கும்போதே, இன்றைக்கு நன்றாக அழுகிறோம், சனிக்கிழமை இதைச் சொல்ல வேண்டும் என்று மனசின் ஒரு மூலை குறித்துக்கொண்டது.

நிமிர்ந்தால் ஆடுகள். நடுவில் ஒரு பெரியவர், கம்பை ஊன்றி நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். "துட்டியா தம்பி?" என்று கேட்டார். என்னவென்று விளக்குவது? ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். அவ்வளவுதான் நான் செய்தது. அவர் தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். கேனிலிருந்து தண்ணீர் கொடுத்தார். எனக்கு ஆறுதலாக இருந்தது. கடைசி பஸ்ஸைப் பிடித்துக் கோவில்பட்டிக்குத் திரும்பி, நாலு புரோட்டா சாப்பிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். அதை நினைத்தால்தான் இப்போது காது சுடுகிறது.

மூன்றாம் நாள் காலை போனபோது, குருவம்மாள் வீட்டு முன்னால் டிராக்டர் எஞ்சின் அணைந்து நின்றது. ஓட்டுகிறவர் சீட்டில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண், விதைப் பையைக் காலடியில் வைத்துக்கொண்டு அவரிடம் ஏதோ கெஞ்சிக்கொண்டிருந்தார். "குருவம்மாள் நீங்கதானா?" என்றேன். அந்தப் பெண் சட்டென்று நிமிர்ந்தார்.

"மழைக்காரவியளா?"

நான் பதில் சொல்லுமுன் தெருமுனையிலிருந்து ஆட்டுக்காரப் பெரியவர் கம்பை நீட்டினார். "இந்தத் தம்பிதான் தாயி, நேத்து ஒம் புஞ்சையில உக்காந்து அழுதது."

நடந்தது எனக்கு மெதுவாகத்தான் விளங்கியது. மண் பதத்துக்கு வந்திருக்கிறது. வெயில் சுள்ளென்று அடிக்கிறது, இன்றைக்கு விட்டால் மேல்மண் காய்ந்துவிடும். டிராக்டர் ஓட்டுகிற காளிராஜ் விடியற்காலையிலேயே வருவதாகச் சொல்லியிருந்தவர். வந்த பிறகு, துட்டிக்காரன் ஒருத்தன் தீட்டோடு வந்து புஞ்சையில் உட்கார்ந்து அழுதிருக்கிறான், அதில் எப்படி விதைக்க என்று கையைக் கட்டிக்கொண்டார். இன்னும் இரண்டு பேர் புஞ்சை அவருக்காகக் காத்திருக்கிறது, அங்கே போய்விட்டால் இன்றைக்குத் திரும்ப மாட்டார். குருவம்மாளிடம் இருப்பது இந்த ஒரு பை கொத்தமல்லி விதை. இதுவும் தப்பினால் இந்த வருஷம் புஞ்சை தரிசு.

"ஒங்க வீட்ல யாரு தவறுனது?" என்று காளிராஜ் கேட்டார். யாரும் இல்லை என்றேன். பிறகு ஏன் துட்டி என்று தலையாட்டினீர்கள் என்றார். தெருவில் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். சென்னைக் குழுவில் நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறதையெல்லாம் அங்கே கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு சொல்ல வேண்டியதாயிற்று. பூமி சூடாகிறது, பருவம் தவறுகிறது, இனி என்ன ஆகுமோ என்று நெஞ்சடைக்கிறது, அதனால் அழுகை வருகிறது. மழைச் செய்தி வாசிக்கிற அதே குரலில்தான் வந்தது, அதுதான் கொடுமை.

காளிராஜ் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். "அது எல்லாருக்கும்லா ஆவுது. அதுக்கு எங்கக்கா புஞ்சையில வந்து ஏன் அழுதீங்க? ஒங்க ஊர்ல எடமில்லையா?" என்றார். யாரோ சிரித்தார்கள். காளிராஜ் சிரிக்கவில்லை, நிஜமாகவே கேட்டார்.

குருவம்மாள் வீட்டுக்குள் போனார். ஒரு தட்டில் கம்பஞ்சோறும் மோரும், இரண்டு சின்ன வெங்காயமும் கருவாடுமாக வந்து, தெருவில் வைத்தே என் கையில் கொடுத்தார். "சாப்பிடுங்க. துட்டிக்கு வந்தவன் கைநனைக்க மாட்டான்லா. காளிராஜ் பாக்கட்டும்" என்றார். நின்றுகொண்டே சாப்பிட்டேன். ஏழெட்டுப் பேர் நான் விழுங்குகிறதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கருவாடு எனக்கு ஆகாது, அதையும் தின்றேன். தட்டு காலியானதும் காளிராஜ் எஞ்சினைக் கிளப்பினார்.

புஞ்சையில் என்னை இறங்க விடவில்லை. நீங்கள் வரப்பிலேயே இருங்கள் என்றுவிட்டார் குருவம்மாள். முந்தானையில் விதையை அள்ளிக் கட்டிக்கொண்டு வீசிக்கொண்டே போனார், டிராக்டர் பின்னாலேயே உழுது மூடியது. இரண்டு சுற்று முடித்துத் தண்ணீர் குடிக்க வரப்புக்கு வந்தார். அப்போதுதான் சொன்னேன். தாளில் ஓரிரு இடங்களில் என்று போட்டிருந்தது, அதை நான் வாசிக்காமல் விட்டுவிட்டேன் என்று. அவர் சொம்பைக் கீழே வைத்தார்.

"அதைச் சொல்லியிருந்தா பாதி வெதையை நிப்பாட்டியிருப்பேனே" என்றார். அந்த வார்த்தையைச் சொல்ல எவ்வளவு நேரமாகும் என்று கேட்டார்.

"ரெண்டு விநாடி."

"அப்படி என்ன அவசரம்?"

பொய் சொல்லியிருக்கலாம். "அழப் போனேன்" என்றேன்.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் அதையும் ஊருக்குக் கொண்டுபோய்க் குழுவில் சொல்லியிருப்பேன். முந்தானையில் மிச்சமிருந்த விதையை இறுக்கிக் கட்டிக்கொண்டு, "அன்னைக்கு நான் ஒண்ணு கேட்டேன், நீங்க பதிலே சொல்லல. இன்னைக்குத் தாள்ல என்ன போட்டிருக்கு? ஒரு வார்த்தை விடாம வாசிங்க" என்றார்.

போனை எடுத்து வாசித்தேன். ஓரிரு இடங்களில் லேசான மழை. அடுத்த வாரம் பற்றித் தெளிவில்லை. இந்தப் புஞ்சையில் பெய்யுமா என்று எனக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது என்று தாளில் இல்லாததையும் சேர்த்துச் சொன்னேன். நாற்பது விநாடிக்கு மேலேயே ஆகியிருக்கும். அவர் திரும்பிக் கையை உயர்த்தினார். பாதிப் புஞ்சையோடு டிராக்டர் நின்றது. "போதும் காளிராஜ். மிச்சம் வீட்ல கெடக்கட்டும், அடுத்த மழைக்குப் பாப்போம்." காளிராஜ் அடுத்த புஞ்சைக்கு வண்டியைத் திருப்பினார்.

இனி எனக்கு அங்கே வேலையில்லை. மன்னிப்புக் கேட்க வந்தவன், அந்த வார்த்தையை மட்டும் கடைசிவரை சொல்லவில்லை என்பது எழுந்த பிறகுதான் உறைத்தது. சொன்னால் பரவாயில்லை என்று அவர் சொல்ல வேண்டியிருக்கும், அதை எதற்கு அவரிடம் வாங்குவது? கைகூப்பிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு, ஒன்றும் சொல்லாமல் வரப்போடு நடந்தேன்.

"அண்ணாச்சி" என்று பின்னாலிருந்து கூப்பிட்டார். நின்றேன். "என்ன, சொல்லாம போறீங்க? இது துட்டி வீடா?"

"இல்லம்மா..."

"இங்க யாரும் சாவல. போன்ல கடைசியா ஒண்ணு சொல்லுவீங்கள்லா, அதைச் சொல்லிட்டுப் போங்க. சொன்னா வந்து நிக்கணும். வெளைஞ்சாலும் வரணும், வெளையலைன்னாலும் வரணும்."

பக்கத்துப் புஞ்சையில் காளிராஜ் எஞ்சினை அணைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்டுக்காரப் பெரியவரும் நின்றுவிட்டார். ஆயிரம் தடவை சொன்ன வார்த்தைதான். ஒருவழியாகச் சொன்னேன்.

"கேக்கல" என்றார் குருவம்மாள்.

மறுபடியும் சொன்னேன்.